மின்னஞ்சலும் மின்னாட்காட்டியும்

நுழையும்முன்

ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை ஊர்கள் புதுப்புனலை வணங்குகின்றன. காவிரிக்கு நெடுந்தொலைவில் உள்ள சிவகாசியிலோ, அந்நாளில் அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரிகள் பூசையில் வைக்கப்பட்டு வெளியிடப்படுகின்றன. அன்று தொடங்கும் கொள்முதல் ஆணைகளுள் பல இன்று மின்னஞ்சல் வழியாக வருகின்றன. பள்ளிப்படிப்பை முடித்து அலுவலக மேசைமுன் அமரும் ஒருவர் முதல்நாளிலேயே கையாள வேண்டிய அவ்விரு கருவிகளைப் பற்றியது இப்பாடம்.

நாட்காட்டி விளையும் ஊர்

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923 இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டிற்கும் வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டதால் அச்சுத்தொழில் வளர்ந்தது. சீட்டு அடித்த எந்திரங்கள் நாட்காட்டியும் நாட்குறிப்பேடும் அடிக்கத் தொடங்கின. தமிழர் வீட்டுச் சுவர்களில் தொங்கும் தினசரி நாட்காட்டிகளுள் பெரும்பகுதி இவ்வூரில் அச்சானவை.

நாட்காட்டி அச்சிடுவோர்க்கு நாள் என்பது சரக்கு மட்டுமன்று, கெடுவும் ஆகும். பிற பொருள்கள் ஒரு மாதம் தாமதமானாலும் விலைபோகும். சனவரித் திங்கள் கழிந்தபின் வந்துசேரும் நாட்காட்டியை எவரும் வாங்கார். ஆடியில் மாதிரி, பின்னர் ஆணை, மெய்ப்பு, தமிழ்நாடு அரசின் பொது விடுமுறைப் பட்டியல், அதன்பின் அச்சு, கட்டு, அனுப்புதல் என வேலை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஒரு கண்ணி நழுவினால் அடுத்தவை எல்லாம் நழுவும். முன்பு மெய்ப்புத்தாள் பேருந்துப் பொதியிலோ அஞ்சலிலோ கோவைக்குப் போய்த் திரும்ப நாள்கள் ஆகும். இன்று அது நொடிப்பொழுதில் போய்ச் சேர்கிறது. போய்ச்சேர்ந்ததைப் பார்த்து, திருத்தி, ஒப்புதல் தருவதற்கு மனிதர் எடுத்துக்கொள்ளும் காலம் மட்டும் குறையவில்லை. ஆகவே, ‘யார், எதை, எந்நாளுக்குள்’ என்ற மூன்றையும் எழுத்தில் நிறுத்துவதே அலுவலக மின்னஞ்சலின் முதல் வேலையாகிறது.

கடிதத்தின் புதிய உடல்

அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பில் பணியாற்றிய ரே டாம்லின்சன், 1971 இல் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் நிரலை உருவாக்கினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக்காட்ட, எவர் பெயரிலும் இடம்பெறாத ‘@’ என்னும் குறியை அவர் தேர்ந்தார். வணிகக் கணக்கில் ‘ஒன்று இன்ன விலை வீதம்’ என்பதைக் காட்டப் பயன்பட்ட குறி அது. கணக்குப்பிள்ளைகளின் ஏட்டிலிருந்து உலகத்தாரின் முகவரிக்குள் அது குடியேறியது.

நம் மாவட்டத்தோடு தொடர்புடைய பெயர் ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். வி. அ. சிவா அய்யாதுரை மும்பையில் பிறந்தவர். விருதுநகர் மாவட்டத்து முகவூரில் தம் பாட்டனார் வீட்டில் கழித்த நாள்களைப் பற்றிப் பேசுபவர். சிறுவனாக அமெரிக்கா சென்ற அவர், 1978 இல், தம் பதினான்காம் வயதில், நியூசெர்சியின் மருத்துவக் கல்வி நிறுவனம் ஒன்றிற்காக அலுவலகக் குறிப்புகளைக் கணினிவழி அனுப்பும் நிரலை எழுதினார். ‘ஈமெயில்’ என்று பெயரிட்ட அந்நிரலுக்கு 1982 இல் பதிப்புரிமை பெற்றார். மின்னஞ்சலையே கண்டுபிடித்தவர் தாம் என அவர் கூறுவதைக் கணினி வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. அதற்கு முன்பே மின்னஞ்சல் புழக்கத்தில் இருந்தது என்பது அவர்கள் காட்டும் சான்று. அவ்வழக்கில் நாம் புக வேண்டுவதில்லை. தாளில் சுற்றிவந்த அலுவலகக் குறிப்பையே அச்சிறுவன் கணினிக்குள் கொண்டுவர முயன்றான் என்பது நமக்குப் பயன்படும் செய்தி. மின்னஞ்சல் தோற்றத்தில் புதியது. அதன் எலும்புக்கூடு பழைய அலுவலகக் கடிதமே.

அவ்வெலும்புக்கூட்டை நீங்கள் அறிவீர்கள். ஆண்டுதோறும் தேர்வில் அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, செய்தி, இப்படிக்கு என்று எழுதுகிறீர்கள். மதிப்பெண்ணுக்காக எழுதிய அவ்வரிசை, அப்படியே மின்னஞ்சல் திரையில் கட்டங்களாக நிற்பதைக் காணலாம். அனுப்புநர் பெயரையும் நாளையும் கணினியே இட்டுக்கொள்கிறது. எஞ்சியவை நம் பொறுப்பு.

‘சிசி’ எனப்படும் கட்டம் கரித்தாள் படியைக் குறிப்பது. தட்டச்சுப்பொறியில் இரு தாள்களுக்கிடையே கரித்தாள் வைத்து நகல் எடுத்த காலத்தின் எச்சம் அது. ‘இச்செய்தியை நீரும் அறிக’ என்பதே அதன் பொருள்; ‘நீர் செய்க’ என்பதன்று. செயலாற்ற வேண்டியவரைப் பெறுநர் கட்டத்திலும், அறிந்திருக்க வேண்டியவரை நகல் கட்டத்திலும் இடுதல் முறை. பெறுநராக ஐவரை இட்டால், ஐவரும் மற்ற நால்வர் பார்த்துக்கொள்வர் என்றிருப்பர். ‘பிசிசி’ என்பது மறைநகல். அதில் இடப்பட்டோர் பெயர் பிறருக்குத் தெரியாது. ஆடிப்பெருக்கன்று நூறு வாடிக்கையாளர்க்கு ஒரே விலைப்பட்டியல் அனுப்பும்போது அவர்களை மறைநகலில் இடாவிடில், ஒருவர் முகவரி மற்றவர்க்கெல்லாம் வெளியாகிவிடும். போட்டியாளர் கையில் அப்பட்டியல் கிடைத்தால் நிறுவனம் பல்லாண்டு தேடிய தேட்டம் ஒரு சொடுக்கில் போய்விடும்.

பொருள் வரியைப் பலர் வெறுமனே ‘வணக்கம்’ என்றோ ‘நாட்காட்டி’ என்றோ எழுதுகின்றனர். நாட்காட்டி அச்சகத்திற்கு வரும் எல்லா அஞ்சலும் நாட்காட்டி பற்றியவைதாமே! பின்வரும் அஞ்சலைக் காண்க.

பெறுநர்: வாடிக்கையாளர்
நகல்: அச்சுப்பிரிவு மேலாளர்
பொருள்: 2,000 மாத நாட்காட்டிகள் – மெய்ப்பு ஒப்புதல் – நவம்பர் 14, மாலை 5 மணிக்குள்

மதிப்பிற்குரிய ஐயா,
வணக்கம். தாங்கள் இன்று காலை தொலைபேசியில் கூறியவாறு, கடையின் தொலைபேசி எண் மாற்றப்பட்டுள்ளது. திருத்திய மெய்ப்பை இணைத்துள்ளேன். கடைப்பெயர், முகவரி, எண்கள் ஆகியவற்றைச் சரிபார்த்து நவம்பர் 14, வெள்ளி மாலை 5 மணிக்குள் தங்கள் ஒப்புதலை இவ்வஞ்சலுக்கு மறுமொழியாகத் தெரிவிக்க வேண்டுகிறேன். ஒப்புதல் கிடைத்தபின் அச்சுத்தகடு எடுக்கப்படும்; அதன்பின் திருத்தம் செய்ய இயலாது.
நன்றி.
அலுவலக உதவியாளர், ஆணைப் பிரிவு

இதில் அணியும் இல்லை, அடுக்குமொழியும் இல்லை. ஆனால், எதைச் செய்ய வேண்டும், எந்நேரத்திற்குள், செய்யாவிடில் என்ன ஆகும் என்பன ஐயமின்றி உள்ளன. பொருள் வரியை மட்டும் கண்டாலே பெறுநர் தம் கடமையை அறிவார்.

எழுத்தில் நிற்கும் சொல்

மேற்கண்டதைப் போன்ற ஓர் அஞ்சலை எழுதியவர் என்னிடம் பயின்ற மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையிலேயே அச்சகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தந்தை பட்டாசு ஆலைத் தொழிலாளி. வீட்டில் மாதச்சம்பளம் என்று எண்ணி வாங்கிய முதல் ஆள் இவர்தாம்.

வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் எண்ணை மாற்றச் சொல்லித் தொலைபேசியில் பேசினார். “சரிங்க அண்ணாச்சி, மாத்திடுறோம்” என்று இவரும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம், அலுவலகத்தில் பெரும்பாலோர் அவ்வாறே விட்டுவிடுவர். இவரோ, தொலைபேசியை வைத்த கையோடு நான்கு வரியில் அதை அஞ்சலாக எழுதி, மெய்ப்பை இணைத்து அனுப்பினார். ‘சரி, அடிக்கலாம்’ என்று மறுமொழி வந்தது. நாட்காட்டிகள் போய்ச் சேர்ந்தபின் சிக்கல் எழுந்தது. தாம் சொன்ன எண் வேறு என்றார் வாடிக்கையாளர்; பணம் தர மறுத்தார். கவனக்குறைவு அலுவலகப் பெண்ணுடையது எனக் கருதிய உரிமையாளர், இழப்பைச் சம்பளத்தில் பிடித்தம் செய்வதாகச் சொன்னார். அம்மாணவி மறுத்துப் பேசவில்லை. அனுப்பிய அஞ்சலையும் வந்த மறுமொழியையும் அச்செடுத்து மேசைமேல் வைத்தார். நாள், நேரம், இணைப்பு, ஒப்புதல் ஆகிய நான்கும் அதில் இருந்தன. பிடித்தம் நின்றது. இதைச் சொன்னபோது அவர், “நீங்க அலுவலகக் கடிதம் நடத்துனப்போ தூங்கிட்டேன் ஐயா” என்றும் சேர்த்துச் சொன்னார்.

பேச்சு காற்றோடு போகும். எழுத்து நின்று சாட்சி சொல்லும். இது பழைய அறிவுதான். இந்தியச் சட்டமும் மின்னெழுத்துக்கு அத்தகுதியை வழங்கியுள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, மின்பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. ஒரு மின்பதிவு எப்போது அனுப்பப்பட்டதாகவும் எப்போது பெறப்பட்டதாகவும் கொள்ளப்படும் என்பதை அதன் 13 ஆம் பிரிவு வரையறுக்கிறது. பெறுநர் இதற்கென்று ஒரு முகவரியைக் குறித்துத் தந்திருப்பின், அதற்குள் அஞ்சல் நுழையும் நேரமே பெறப்பட்ட நேரம். அவர் அதைத் திறந்து படித்த நேரமன்று. ‘நான் பார்க்கவில்லை’ என்பது வகுப்பறையில் செல்லுபடியாகலாம், வணிகத்தில் ஆகாது.

டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கும் இடையே எழுந்த வழக்கு இதற்கு நல்ல சான்று. 2007 அக்டோபரில் பாக்சைட் கனிமத்தைக் கப்பலில் அனுப்புவது குறித்து இரு தரப்பும் மின்னஞ்சலில் பேசின. ஐந்து கப்பல் சரக்குக்கு மின்னஞ்சலிலேயே இசைவும் தரப்பட்டது. கையொப்பமிட்ட முறையான ஒப்பந்தம் பின்னர் நிறைவேறவில்லை. ஆயினும், அவ்வஞ்சல்களாலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 2010 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ‘சரி’ என்று நாம் விரைவில் தட்டும் இரண்டெழுத்துக்கு எத்தனை எடை என்பதை எண்ணிப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரால் ‘சரி’ சொல்லும் உரிமை நமக்கு உண்டா என்பதை மேலாளரிடம் முதல்நாளே கேட்டுத் தெளிவது நலம்.

தெரிந்து தெளிவோம்

கணினியில் தமிழைத் தட்டெழுத ‘தமிழ்99’ விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு 1999 இல் ஏற்றது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் மென்பொருளின் பெயர் ‘முரசு அஞ்சல்’. முன்பு, அனுப்புவோரிடமுள்ள எழுத்துரு பெறுவோரிடம் இல்லையெனில் தமிழ் அஞ்சல் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். ஒருங்குறி பரவியபின் அவ்விடர் பெரிதும் நீங்கியது.

பெட்டியை ஆளுதல்

அலுவலகத்தில் சேர்ந்தவுடன் நிறுவனத்தின் பெயரில் ஒரு முகவரி தரப்படும். அது நிறுவனத்தின் உடைமை. உறவினர் திருமண அழைப்பையும் திரைப்பட நுழைவுச்சீட்டையும் அதில் பெறுதல் கூடாது. அலுவலகச் செய்தியைச் சொந்த முகவரியிலிருந்து அனுப்புதலும் கூடாது. கடவுச்சொல் நீளமாகவும் பிறர் ஊகிக்க இயலாததாகவும் இருத்தல் வேண்டும். கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பைத் தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

அஞ்சல்கள் குவியும்போது புதியவர்கள் திகைப்பர். ஒவ்வோர் அஞ்சலையும் திறந்தவுடன், உடனே மறுமொழி தரத்தக்கதா, பின்னர்ச் செய்ய வேண்டியதா, வைத்திருக்க மட்டும் வேண்டியதா என முடிவு செய்தால் குழப்பம் குறையும். பின்னர்ச் செய்ய வேண்டியதை மனத்தில் வைப்பதால் பயனில்லை. அது நாட்காட்டிக்குள் போக வேண்டும். ஆணை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைவு வைத்துக்கொள்வோரும் உளர். தேடுகட்டம் இருப்பதால் அடைவுகள் தேவையில்லை என்போரும் உளர். பொருள் வரி ஒழுங்காக இருந்தால் இரண்டாமவர் கூற்றே என் பட்டறிவில் சரி.

இணைப்பைச் சேர்க்காமல் ‘இணைத்துள்ளேன்’ என்று எழுதுவது எல்லாருக்கும் நேரும் பிழை. இணைப்பை முதலில் சேர்த்து, செய்தியை அடுத்து எழுதி, பெறுநர் முகவரியை இறுதியில் இட்டால் இப்பிழை நேராது. பாதி எழுதிய அஞ்சல் கைதவறிப் போவதும் நேராது. அச்சுக்குரிய படக்கோப்புகள் பெரியவை. ஜிமெயில் போன்றவற்றில் ஓர் அஞ்சலோடு 25 மெகாபைட் அளவே இணைக்கலாம். அதனைவிடப் பெரிய கோப்பை மேகச் சேமிப்பில் ஏற்றி, அதன் இணைய முகவரியை அனுப்ப வேண்டும்.

ஏமாற்று அஞ்சல்களுள் வணிகர்க்குப் பெருங்கேடு செய்வது ஒன்றுண்டு. நெடுநாள் தாள் வழங்கும் வணிகரிடமிருந்து வந்ததுபோன்றே ஓர் அஞ்சல் வரும், ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இம்முறை புதிய கணக்கில் செலுத்துக’ என்றிருக்கும். முகவரியை உற்றுநோக்கினால் ஓரெழுத்து மாறியிருக்கும். சில வேளைகளில் அதுவும் மாறியிராது. அவ்வணிகரின் பெட்டியே களவாடப்பட்டிருக்கும். வங்கிக் கணக்கு மாற்றம் பற்றி எந்த அஞ்சல் வந்தாலும், அவ்வஞ்சலிலுள்ள எண்ணை விடுத்து, நம் பதிவேட்டிலுள்ள பழைய எண்ணில் அழைத்துக் கேட்ட பிறகே பணம் செலுத்த வேண்டும். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்னும் இணையக்குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பெயர் எழுதிய நாள்

சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் நல்லநேரம், இராகு காலம், எமகண்டம், விரதம், விடுமுறை எல்லாம் உண்டு. அது ஊருக்கெல்லாம் ஒன்றே. அலுவலக மின்னாட்காட்டி அத்தகையதன்று. ‘நவம்பர் 14, மாலை 5 – மெய்ப்பு ஒப்புதல் – ஆணைப் பிரிவு’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் பெயர் இருக்கும். இன்று என்ன நாள் என்பதைச் சுவர் சொல்கிறது. இன்று யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதைத் திரை சொல்கிறது.

நாட்காட்டியில் ஒரு வேலையைப் பதியும்போது தலைப்பு, நாள், தொடக்க நேரம், முடிவு நேரம், இடம், நினைவூட்டல் ஆகியவற்றை இட வேண்டும். பிறரையும் அழைத்தால் அவர்க்கு மின்னஞ்சலில் அழைப்பு போகும். அவர் ஏற்றால் அவர்தம் நாட்காட்டியிலும் அது பதியும். வெவ்வேறு நிறுவனத்தார் உருவாக்கிய நாட்காட்டி மென்பொருள்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள உதவுவது, 1998 இல் வெளியிடப்பட்ட ‘ஐகேலண்டர்’ என்னும் பொதுத்தரம். அழைப்பு வந்தால் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். இரண்டும் செய்யாமல் விடுவது, வீட்டுக்கு வந்து அழைத்தவருக்கு வாய்திறவாமல் நிற்பதை ஒக்கும்.

கெடுநாளில் மட்டும் நினைவூட்டல் வைப்பது தொடக்கக்காரர் பிழை. வெள்ளி மாலை ஒப்புதல் வர வேண்டுமெனில், வெள்ளி மாலை ஒலிக்கும் மணியால் பயனில்லை. புதன்கிழமை ஒலித்தால் வாடிக்கையாளரை நினைவூட்டலாம். பட்டாசு ஆலை அலுவலகங்களில் இதன் தேவை இன்னும் பெரிது. வெடிபொருள் விதிகள், 2008 இன்படி உரிமம் பெற்று இயங்கும் ஆலை, உரிமம் காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விண்ணப்பங்கள் இன்று இணையவழியில் அமைந்துள்ளன. தொண்ணூறு நாள் முன்னரும் முப்பது நாள் முன்னரும் ஒரு வாரம் முன்னரும் என மூன்று நினைவூட்டல்களை இட்டுவைப்பது அலுவலகப் பணியாளரின் ஐந்து நிமிட வேலை. அது தவறினால் உரிமம் இல்லாத ஆலையில் உற்பத்தி நிற்கும். அன்றாடக் கூலியை நம்பும் பல குடும்பங்களின் வேலையும் நிற்கும். தொழிலாளர்க்குரிய பாதுகாப்புப் பயிற்சி நாள், தீயணைப்புக் கருவிகளைச் சோதிக்கும் நாள் ஆகியவற்றை மீள்நிகழ்வாகப் பதிந்தால், ஒருமுறை இட்டது குறித்த இடைவெளியில் தானே வந்து நினைவூட்டும். இத்தகைய நினைவூட்டலை மணி ஒலித்தவுடன் அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவர், பிறர் உயிரோடு விளையாடுகிறார்.

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நேரம் குறிக்கையில் விழிப்பு வேண்டும். சிவகாசியில் காலை 10 மணி எனில் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பகல் 12.30, துபாயில் காலை 8.30, கொழும்பில் நம் நேரமே. நாட்காட்டியில் நேரமண்டலம் சரியாக அமைந்திருந்தால் கணினியே மாற்றிக்காட்டும். அஞ்சலில் எழுதும்போது ‘இந்திய நேரம்’ என்று சேர்க்க வேண்டும். 3/4 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. திங்களின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் இத்தொல்லை இல்லை. நாள்களையே அச்சடித்து விற்கும் ஊரார் நாள் மாறிப் பொருள் அனுப்பினால் அது நகைப்புக்கு இடமாகும்.

தீபாவளிக்குப்பின் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் ஓய்வெடுக்கும். அலுவலகம் மூடியிருந்தாலும் அஞ்சல் வருவது நிற்காது. புறப்படுமுன் விடுப்புக்கால மறுமொழியை அமைத்துவிட வேண்டும். அதில் எந்நாள்வரை அலுவலகம் இயங்காது, எந்நாளில் பணிக்குத் திரும்புவோம், இடையில் அவசரம் எனில் யாரை அழைக்கலாம் என்ற மூன்றும் இருந்தால் போதும். திரும்பிய அன்று காலை முதல்வேலையாக அம்மறுமொழியை நீக்க வேண்டும். இல்லையெனில், நாம் மேசையில் அமர்ந்திருக்கும்போதே ‘விடுப்பில் உள்ளோம்’ என்று அது எல்லார்க்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.